சின்ன மாமா பிரித்த ஹார்ட் டிஸ்க்

எனக்கென்று எங்கள் வீட்டில் வாங்கப்பட்ட முதல் பெரிய பொருள் ஒரு பழைய கம்பியூட்டர். அதற்கு முன் எனக்கென்று வந்தவை சப்பாத்து, குடை, புத்தகப்பை என்று வருடம் முடியுமுன் தேய்ந்துபோகிறவைதாம். கம்பியூட்டர் தேயாது என்று அப்பா நம்பினார்.

அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். நாங்கள் அதை ஸ்டோர் என்போம். கொழுந்தை அரைக்கும் ரோலர் மெசின்கள் அவர் பொறுப்பு. அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். கம்பியூட்டரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது சின்ன மாமா. அவர் அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். ஹட்டன் டவுனில் கம்பியூட்டர் திருத்துகிற கடையொன்றில் அவருக்கு வேலை. கொழும்பில் ஏதோ ஆபீஸ், எங்கள் பேச்சில் கந்தோர், கழித்துவிட்ட பெட்டிகள் கடைக்கு வந்தபோது, அவற்றில் ஒன்றை உருப்படியாக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

அதன் பிறகு அப்பா போகிற இடமெல்லாம் ‘எம் மகளோட கம்பியூட்டர்’ என்று சொன்னார். காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் சொன்னார். முடிவெட்டுகிற இடத்தில் சொன்னார். தேர்த் திருவிழாவுக்கு வசூல் செய்வது பற்றிக் கோயிலில் கூடிப் பேசியபோது, சம்பந்தமே இல்லாமல் அங்கேயும் சொன்னார். நான் அப்போது ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பியூட்டரில் எனக்குத் தெரிந்தது சீட்டு விளையாட்டு ஒன்றும், கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றும்தான். அதை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை.

அம்மா ஒரே ஒரு தடவை அதன் முன்னால் உட்கார்ந்தார். திரை முழுக்க இங்கிலீஷ். அம்மா ஐந்தாம் ஆண்டுவரை தமிழில் படித்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “நமக்கென்னா தெரியும் இதுல” என்று எழுந்து போய்விட்டார்.

சின்ன மாமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்பியூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் அவர் மனதில் நுழைந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளில் தோட்டத்துக் கந்தோர் வழியாக அவருக்கு ஒரு மட்டை உறை வந்தது. வெளிநாட்டு முத்திரை ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு சீடி. உலகத்தில் யாரோ நல்லவர்கள் சேர்ந்து செய்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்புகிறார்கள் என்று மாமா சொன்னார். கந்தோர் கிளாக்கர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாராம்.

“இதுல எல்லாம் தமிழ்லயே வரும்க்கா. நீ சும்மா வாசிச்சு வாசிச்சு அமுக்கலாம்.”

அப்பாவுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. “ஓடிக்கிட்டிருக்க மெசினுல கைய வைக்காதடா” என்றார். ஸ்டோரில் அவர் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் அதுதான்.

“யோவ் மச்சான், ஓடுறதுல நான் கையே வைக்கல. பாதி எடம் சும்மா கெடக்கு. அந்தப் பாதியத்தான் கேக்குறேன்.”

“மத்தப் பாதிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா என்னையத் தூக்கி ஒன் ரோலர்ல போட்டு அரைச்சிரு.”

“அரைச்சா கழிவுத்தூள்கூடத் தேறாதுடா நீ.”

இரண்டு பேரும் இப்படித்தான். வீட்டுக்குள் நுழையும்போதே ஒருவர் மற்றவரை ஏதாவது சொல்லிக்கொண்டுதான் நுழைவார்கள். அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து மாமா வேலையைத் தொடங்கினார். ஸ்டோர் ஓடுகிற நாட்களில் எங்கள் வீடு இருந்த லயத்து வரிசையில் லைட்டுகள் மங்கி மங்கி எரியும். டிஸ்க்கைப் பிரிக்கிற நேரத்தில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஞாயிறு என்றால் ஸ்டோருக்கு லீவு. இந்த யோசனையைச் சொன்னதே அப்பாதான். அவருக்குப் பிடிக்காத வேலைதான். ஆனாலும் மெசின் என்று வந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. பேப்பர் வாசிக்கிற பாவனையில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். அம்மா சாமி படத்துக்குச் சூடம் கொளுத்திவிட்டு வந்தார்.

சீடி சுழல ஆரம்பித்தது. நீலமும் சாம்பலுமான ஒரு திரை வந்து ஒரு கேள்வி கேட்டது. டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு லினக்ஸை மட்டும் போடவா, இல்லை, நீயே கையால் பிரித்துத் தருகிறாயா? மாமா எனக்கு அதைத் தமிழில் சொன்னார்.

“முதல்ல உள்ளத அமுக்குனா சுலபம். தானா எல்லாத்தையும் செஞ்சிரும். ஆனா ஒன் காரும் போயிரும், சீட்டும் போயிரும்.”

“வேணாம் மாமா!”

“அதான். கையாலதான் பிரிக்கணும்.”

திரையில் ஒரு நீளக் கோடு வந்தது. அதுதான் டிஸ்க் என்றார். எங்கள் லயத்தைக் காட்டித்தான் அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். ஒரே கூரை, நீளக் கட்டடம். நடுவில் சுவர் வைத்து ஆளுக்கொரு காம்பராவாகப் பிரித்திருக்கிறார்கள் இல்லையா, அது மாதிரி. இப்போது முழுக் கட்டடமும் விண்டோஸ் ஒருத்தருடையதாக இருக்கிறது. அவருடைய சாமான்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு நடுவில் சுவர் எழுப்ப வேண்டும். அந்த ஒதுக்குகிற வேலையை முதல்நாளே செய்துவிட்டார். சின்னச் சின்ன நிறக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து ஒரு பக்கம் சேர்வதை நான் சாப்பிடக்கூட எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விண்டோஸுக்கு எவ்வளவு என்று மாமா எண்ணைத் தட்டினார். உடனே ஓர் எச்சரிக்கை வந்தது. இதற்குப் பிறகு திரும்ப முடியாது என்று அதற்கு அர்த்தம். மாமாவின் விரல் நின்றது. அதுவரை பகடி பேசிக்கொண்டிருந்தவருக்கு முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன்.

“மச்சான், அமுக்கவா?”

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா சொன்னார், “என்னைய ஏன் கேக்குற? எம் மகளக் கேளு. அவ சாமான்.”

மாமா நிஜமாகவே என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. “அமுக்குங்க” என்றேன். “நீயே அமுக்கு” என்று விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினார். அமுக்கினேன்.

கோடு அசையவே இல்லை. பெட்டிக்குள்ளிருந்து யாரோ அரிசியில் கல் பொறுக்குவது போல ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்பா பேப்பரின் ஒரே பக்கத்தை வெகுநேரம் வாசித்தார். லைட் ஒரு தடவை மினுங்கியது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். பிறகு கோடு மெல்ல நகர்ந்து நிரம்பியது.

மிச்ச இடத்தை மாமா மூன்றாகப் பிரித்தார். முதலாவதற்கு ‘ரூட்’ என்று பெயர், வேர் என்று அர்த்தம் என்றார். இன்னொன்று சின்னத் துண்டு. வேலை நடக்கும்போது சாமான்களைத் தற்காலிகமாக இறக்கி வைக்கிற இடம். “நம்ம முன்பக்க இஸ்தோப்பு மாதிரி” என்று வாசல் திண்ணையைக் காட்டினார். மூன்றாவதற்கு ‘ஹோம்’ என்று பெயர்.

“ஹோம்னா வீடுதானே?” என்றேன்.

“வீடுதான். நம்ம எழுதுறது, வைக்கிறது எல்லாம் இதுக்குள்ள பத்திரமா இருக்கும்.”

அம்மா சிரித்தார். “நாலு தலைமொறையா கொழுந்து எடுத்தும் ஒரு துண்டுக் காணி தரல. கடைசியில கம்பியூட்டருக்குள்ளதான் நமக்கு வீடு கெடைச்சிருக்கு.” அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

எல்லாம் முடிந்து கம்பியூட்டரை மறுபடி போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு பெயர்கள் வந்தன. எது வேண்டும் என்று தெரிவு செய்ய வேண்டும். முதலில் விண்டோஸைத் தெரிவு செய்தோம். என் கார் பத்திரமாக இருந்தது. பிறகு மற்றதை. திரை முழுக்கத் தமிழ். சில எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடந்தன, ஆனாலும் தமிழ். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை போல எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார்.

“கோ... ப்பு. கோப்பையா?”

“கோப்புக்கா.”

“கோப்பைன்னா தேத்தண்ணி குடிக்கிறது. கோப்புன்னா?”

“பைலு.”

“பைலுன்னே போட்டிருக்கலாமே, எனக்கு வெளங்கியிருக்கும்.”

மாமாவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அம்மா எழுந்து போகவில்லை. ஒரு விரலால் தேடித் தேடித் தன் பெயரைத் தட்டினார். மாமா அதைச் சேமித்து வைத்தார். அதன் பிறகு மலையிலிருந்து வந்து கொழுந்துக்கூடையை இறக்கியதும், சில நாட்களில், அம்மா அதைத் திறந்து தன் பெயர் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பார்.

அது வடக்கில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். எங்கள் மலைகளில் சண்டை இல்லை. ஆனால் தமிழ்ப் பெடியன்கள் அடையாள அட்டை இல்லாமல் டவுனுக்குப் போக முடியாது. எந்த நேரத்திலும் தோட்டத்தைச் சுற்றிவளைத்துத் தேடுவார்கள். மாமா பஸ் ஏறுமுன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு அவருடைய நடையைப் போலவே பரிச்சயம். அதற்கு ஒரு காரணம் உண்டு என்று நான் யோசித்ததில்லை.

ஒரு காலையில் பனி விலகுமுன் வந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பொலிஸார். நாங்கள் அறிந்த முகம் ஒன்றும் அவர்களில் இல்லை. எல்லோரையும் வாசலுக்கு வரச்சொல்லி அட்டைகளைப் பார்த்தார்கள். காம்பரா காம்பராவாக நுழைந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஓர் இளம் கான்ஸ்டபிள் வந்தார். கம்பியூட்டரைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி வந்தது என்றே சொல்ல வேண்டும். தானும் கம்பியூட்டர் படித்தவராம். போட்டுக்காட்டச் சொன்னார்.

கறுப்புத் திரையில் இரண்டு பெயர்களும் வந்தன. ஒன்று விண்டோஸ் என்று அவருக்குத் தெரிந்தது. “மற்றது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டார். அதற்குள் விண்டோஸ் தானாகவே திறந்துகொண்டது. அவர் உள்ளே போய் அங்கும் இங்கும் பார்த்தார். “அந்த மற்றது எங்கே?”

மாமா டவுனில் வேலை செய்தவர். நல்ல சிங்களம் பேசுவார். “இங்கேயிருந்து பார்த்தால் அது தெரியாது சேர்” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. விண்டோஸுக்கு லினக்ஸின் பக்கம் தெரியாதுதான். கடையில் வருகிறவர்களுக்கு இதை அவர் பல தடவை விளக்கியிருப்பார். ஆனால் அந்தக் காலையில், அந்த இடத்தில், அதைவிடத் தவறான ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க முடியாது. வாசலில் நின்றிருந்த பெரியவர், அவர்களுக்கு அதிகாரி, உள்ளே வந்தார்.

பிறகு லினக்ஸைத் திறக்கச் சொன்னார்கள். திரை முழுக்கத் தமிழ் வந்து நின்றது. யார் செய்தது? வெளிநாட்டில். எப்படி வந்தது? தபாலில். மட்டை உறையைத் தேடி எடுத்தார்கள். வெளிநாட்டு முத்திரை இருந்தது. எவ்வளவு கொடுத்தாய்? ஒன்றுமில்லை சேர், இலவசம். அதிகாரி உறையிலிருந்து கண்ணை எடுத்து மாமாவைப் பார்த்தார். மாமா இன்னும் இன்னும் உண்மையைச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு உண்மையும் முந்தியதைவிட மோசமாக இருந்தது. இளம் கான்ஸ்டபிள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தனக்கும் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்று சொல்ல வந்தாரோ என்னவோ. அதிகாரி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் அதிகாரி அப்பாவின் பக்கம் திரும்பினார்.

“மே காகெத?” இது யாருடையது?

எனக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். பதிலும் தெரியும். பெரட்டுக்களத்திலும் கோயிலிலும் அப்பா சொன்ன பதில்தான். அதை இப்போதும் சொல்லப்போகிறார் என்று நான் ஓரடி முன்னால்கூட வந்தேன்.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார்.

“எயாகெ, சேர்” என்றார் அப்பா. அவனுடையது. பிறகு, யாரும் கேட்காமலே, “அபே நெமெய்” என்றார். எங்களுடையது இல்லை.

அப்பா மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. எலும்பு வலிக்க அழுத்தியது.

“ஒவ் சேர், மகே” என்றார் மாமா. ஆமாம் சேர், என்னுடையதுதான்.

அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெட்டியையும் எடுத்தார்கள். ஒருவர் அதைத் தலைகீழாகத் தூக்கப் போக, மாமா பதறி, தானே தூக்கி வருவதாகச் சொன்னார். கடையிலிருந்து கொண்டுவந்த நாளில் பிடித்திருந்த மாதிரியே நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கி ஜீப்புக்குப் போனார். லயத்துச் சனங்கள் வாசல்களில் நின்று பார்த்தார்கள். அப்பா இஸ்தோப்பின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜீப் வளைவில் மறைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

அதன் பிறகு அப்பா ஸ்டோருக்கு ஒழுங்காகப் போகவில்லை. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத் தலைவரிடம் போவார், கிளாக்கரிடம் போவார், கிராம சேவகரிடம் போவார், பஸ் ஏறிப் பொலிஸுக்குப் போவார். மாலையில் வந்து, அம்மா கேட்குமுன், “நாளைக்கு வரச்சொன்னாங்க” என்பார். அம்மா தட்டை வைப்பார். அப்பா பிசைந்துகொண்டிருப்பார். ஒரு தடவை அம்மா கேட்டார், “அவனோடதுன்னு சொன்னீங்க, சரி. நீங்க எதுக்கு ரெண்டாவது வார்த்தயச் சொன்னீங்க?” அப்பா எழுந்து கை கழுவப் போனார். இரண்டாவது வார்த்தை எது என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு மாதம் முடியுமுன் மாமாவை விட்டுவிட்டார்கள். அவர்மீது ஒன்றும் இல்லையாம். மெலிந்து போயிருந்தார். இடது கையை அதிகம் உயர்த்தவில்லை. என்ன நடந்தது என்று நான் கேட்டபோது, “சும்மா கேள்வி கேட்டாங்க பாப்பா” என்றார். பொலிஸ் பிடித்துப் போனவனை வேலைக்கு வைத்திருக்கக் கடை முதலாளிக்குத் துணிச்சல் வரவில்லை. பெட்டி பிறகு வந்தது. போட்டுப் பார்த்தால் இரண்டு பெயர் கேட்கும் கறுப்புத் திரை இல்லை. யாரோ எல்லாவற்றையும் அழித்து, நடுச்சுவரை இடித்து, விண்டோஸை மட்டும் போட்டிருந்தார்கள். இடம் இரண்டு மடங்காகிவிட்டது என்று நான் குதூகலித்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, தன் பெயரைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். மாமா அந்த நாற்காலியில் பிறகு உட்காரவே இல்லை.

அவர் வந்த அன்றைக்குக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா துவாயோடு பக்கத்தில் நின்றார். மாமா குனிந்தபடியே சொன்னார், “நீங்க சொன்னதுதான் சரிங்க மச்சான். ரெண்டு பேரையும் கொண்டு போயிருந்தா அக்காவும் பாப்பாவும் என்னா செய்யும்?”

அப்பா துவாயை உதறி நீட்டினார். “இந்தாங்க தம்பி” என்றார்.

அப்பா அன்றைக்குச் சொன்னது காட்டிக்கொடுத்ததா, இரண்டு பேர் போகவேண்டிய இடத்துக்கு ஒருவர் போனால் போதும் என்று அந்த ஒரு கணத்தில் எடுத்த முடிவா, வெறும் பயமா? அப்பா இப்போது இல்லை. அவருக்கே அது தெரிந்திருந்ததா என்று எனக்குச் சந்தேகம். மாமா கட்டாரிலிருந்து பேசும்போது நான் அந்தப் பேச்சை எடுத்தால், அங்கே வெயில் அதிகம் என்பார்.

அன்றைக்கு நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. மாமா திரும்பி வந்ததற்குப் பிந்திய மாதங்கள்தான் எங்கள் வீட்டின் நல்ல காலம் என்று எனக்குப் பட்டது. அப்பாவும் மாமாவும் சண்டையே போடவில்லை. கேலி இல்லை, கத்தல் இல்லை. “சாப்டீங்களா தம்பி?” என்பார் அப்பா. “ஆச்சுங்க மச்சான், நீங்க உக்காருங்க” என்பார் மாமா. ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். மாமா கட்டாருக்கு வேலைக்குப் போன காலையில் அப்பாதான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஹோல்ட்வரை நடந்தார். வழி முழுக்க இரண்டு பேரும், விருந்துக்கு வந்த சம்பந்திகளைப் போல, ஒருவரை ஒருவர் முன்னால் போகச் சொல்லிக்கொண்டே போனார்கள். நான் பின்னால் துள்ளிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதியிடம் பெருமையாகச் சொன்னேன்: எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் எவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா!